எந்தக் காக்கி?

அவரிடம் போய் யாரும் காக்கி என்று சும்மா சொல்லிவிட முடியாது. "எந்தக் காக்கி?" என்று கேட்பார். கேட்கும்போது இடது கண் லேசாகச் சுருங்கும். சொன்னவருக்கு ஏதோ திருட்டுச் சாமானைத் தள்ளிவிட வந்தது போலக் கூச்சமாகிவிடும். போலீஸ் காக்கியா, பஸ் காக்கியா, தபால்காரர் காக்கியா, டாக்ஸிக்காரர் காக்கியா, பள்ளிக்கூடப் பையன் டவுசர் காக்கியா என்று அடுக்கிக்கொண்டே போவார். வந்தவர் "சாதா காக்கி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. "சாதான்னு ஒண்ணு கெடையாது. பழைய உடுப்பு ஒண்ணு கொண்டு வாங்க, பாத்துட்டுப் பேசுவோம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இப்படிப் போன வியாபாரம் கொஞ்சமில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் தாராவியில் அவர் சீருடை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். கார்கானா என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுவரோரம் சில தையல் மெஷின்கள், நடுவில் துணி வெட்டும் மேஜை, மேலே பரணில் "தான்" என்கிற துணிச் சுருள்கள், அவ்வளவுதான். திருநெல்வேலிக் கடற்கரை முஸ்லிம்கள் மூத்த அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் அந்தச் சந்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காக்காதான். "காக்கி தைக்கும் காக்கா" என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்திவிட்டு ஓடும். அவர் சிரிக்கமாட்டார். யார் சொல்லிக் கொடுத்து இதுகள் கத்துகின்றன என்று யோசிப்பார். எதிர்ச் சந்தில் இருந்த இன்னொரு தையல்காரர் மேல் அவருக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

நான் அங்கே காஜா எடுத்தேன். பொத்தான் துளைக்கு நூல் சுற்றித் தைப்பதைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். பெரிய இடங்களில் அதற்கு மெஷின் வந்துவிட்டது. காக்காவுக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. அது எடுத்த துளை ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கும் என்பார். நான் துளையின் இரண்டு முனையிலும் ஒரு தையல் கூடுதலாகக் குறுக்கே போட்டு இறுக்குவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, என் கைப்பழக்கம். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத யாருகிட்டப் படிச்ச? அந்த எதிர்க் கடையில வேல பாத்தியா?" என்று கேட்டார். அவர் எனக்குக் கொடுத்த பாராட்டு அதுதான்.

பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். சந்து முனைவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். பிறகு என்னை இழுத்துப் பார்க்கச் சொல்வார். நான் இழுத்துவிட்டு "சரியா இருக்கு காக்கா" என்றால், நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று அவர் முகத்தில் ஒரு கேள்வி நிற்கும். நேரம் கேட்டாலும் இரண்டு பேரிடம் கேட்பார். சாயா வந்தால் முதல் வாயைக் குடித்துவிட்டு, கொண்டுவந்தவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அவருக்குக் கெடுதல் செய்ய அந்த ஊரில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ தடவை நாக்கு துறுதுறுத்திருக்கிறது. சொன்னால், அதை ஏன் சொல்கிறேன் என்று யோசிப்பார்.

எல்லாவற்றையும்விட அவர் நம்பாதது குண்டு பல்பை. கார்கானாவுக்குள் பகலிலும் பல்புதான் எரியும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாக் காக்கியும் ஒரே காக்கி. ஒரு தானிலிருந்து வெட்டிய கையும் இன்னொரு தானிலிருந்து வெட்டிய முதுகும் ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். தைத்து முடித்து வெளியே கொண்டுபோனால் கை பச்சை அடிக்கும், முதுகு மஞ்சள் அடிக்கும். அதனால் அடுக்கி வெட்டிய துணியில் ஒவ்வொரு அடுக்குக்கும் சாக்கட்டியால் குறி போட வைப்பார். ஒரு சட்டையின் எல்லா உறுப்பும் ஒரே அடுக்கிலிருந்து வரவேண்டும். அப்படியும் மனசு ஆறாமல் துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். எங்கள் சந்தில் வெயில் விழுவதே ஒரு சாண் அகலத்துக்கு. அந்த ஒரு சாண் வெயிலில் நின்றுகொண்டு அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவதும் தினப்படி நடப்பது.

காக்கி என்ற சொல்லோடும் அவருக்கு ஓயாத தகராறு. துணி வெட்டும் மாஸ்டர் உத்தரப் பிரதேசத்துக்காரர், உருது நன்றாகப் பேசுவார். அவர்தான் ஒரு நாள் மத்தியானம் சொன்னார்: பாரசீகத்தில் "காக்" என்றால் புழுதி, மண். அதன் நிறம் காக்கி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வெள்ளை உடுப்பில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்ததால், துணியைச் சேற்றிலும் தேயிலைத் தண்ணீரிலும் முக்கிப் போட்டுக்கொண்டதாம். காக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சேறுன்னா எந்த ஊருச் சேறு?"

மாஸ்டர் முழித்தார். வடமேற்கே எங்கோ எல்லைப் பக்கம் என்றார்.

"அதான பாத்தேன். அந்தச் சேத்தப் பாத்தவன் அந்த ஊரு மண்ணுக்குப் பேரு வச்சிட்டான். எங்கூருல தேரி மண்ணு ரத்தம் மாதிரி செவப்பா இருக்கும். அங்க வச்சு இந்தப் பேரப் போட்டிருந்தா இன்னிக்கிப் போலீஸ்காரன் செவப்புச் சட்டை மாட்டிக்கிட்டுத் திரிவான். கோவில்பட்டிப் பக்கம் போட்டிருந்தா கரிசலு, கறுப்புச் சட்டை. மண்ணு நெறமாம்! எந்த மண்ணு?"

மாஸ்டரும் விடவில்லை. மனுஷனே மண்ணால் செய்தவன், அதனால் உருதுவில் மனுஷனையும் காக்கி என்பார்கள் என்றார். காக்கா என்ன பேசினாலும் கடைசியில் மாஸ்டர் "காக் சம்ஜா?" என்று கேட்பார். மண்ணாங்கட்டி புரிந்ததா என்று அர்த்தம். எங்களுக்கு ஊசி, பொத்தான் கொண்டுவரும் மராத்திக்கார அம்மாவிடம் கேட்டால், பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளும் காக்கி, வீட்டுக்கு வரும் போலீஸும் காக்கி. பக்கத்துச் சந்தில் சாராயம் விற்கிறவர்களுக்கு அது நிறமே இல்லை. யாராவது "காக்கி" என்று ஒரு குரல் கொடுத்தால் குடங்கள் மாயமாகிவிடும். காக்காவின் மச்சான் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் தக்காளி மாதிரிச் சிவந்த பழத்தைக் காக்கி என்று கூவி விற்பதாக அவர் வந்து சொன்னார். காக்கா அவரை அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் நம்பவில்லை.

"ஒரே பேர எல்லாரும் சொல்லுதாவ புள்ளே. ஒருத்தன் மனசுல உள்ளது இன்னொருத்தன் மனசுல இல்ல. அதுலதான் ஏமாத்து எல்லாம் நடக்கு" என்று என்னிடம் சொல்வார். எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும்.

சிரிப்பு நின்றது என் கல்யாணப் பேச்சு வந்தபோது. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் அது கூடுதல். முந்தி வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் என்னை ஊருக்கு அனுப்பி, பெண்டாட்டியை இழந்த ஒரு தூரத்து உறவுக்காரருக்குக் கட்டி வைப்பது என்று அம்மாவும் அவளுடைய அண்ணனும் கடிதத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் சபையின் உபதேசியார். ஜெபம் பண்ணிவிட்டு, பாயில் உட்கார்ந்து, "பையனுக்குக் காக்கி உத்தியோகம். கவர்மெண்டு மாதிரிதான். ஆண்டாப் ஹில்லுல நம்மாளுகளோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். குடி கெடையாது" என்றார். அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். என் அப்பா யாரையும் நம்புவார். ஸ்டேஷனில் தெரியாத ஆளிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவர். உபதேசியார் சொன்னதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பது எங்களில் மரியாதைக் குறைவு. கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். காக்கி உத்தியோகம் என்ற இரண்டு வார்த்தையிலேயே வீட்டில் ஆளுக்கு ஒரு மாப்பிள்ளை உருவாகிவிட்டான். அம்மாவுக்கு அவன் போலீஸ். அப்பாவுக்குத் தபால் ஆபீஸ்.

பெண் பார்க்க அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். நல்ல கறுப்பு, நல்ல உயரம். குடிசைக்குள் வரக் குனிந்தவர் கடைசிவரை கொஞ்சம் குனிந்தே உட்கார்ந்திருந்தார். நான் சாயா நீட்டியபோது என் விரல் நுனிகளைப் பார்த்தார். "ஊசி ரொம்பக் குத்துமா?" என்று கேட்டார். அந்த வீட்டில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதைச் சொல்ல இப்போது எனக்கு என்ன வெட்கம்.

மறுநாள் கார்கானாவில் சொன்னேன். காக்கா மெஷினை நிறுத்தினார்.

"எந்தக் காக்கி?"

"தெரியல காக்கா. கவர்மெண்டு மாதிரின்னு சொன்னாவ."

"மாதிரின்னா? கவர்மெண்டுன்னா கவர்மெண்டுன்னு சொல்லணும். மாதிரின்னு ஏன் சொல்லுதாரு?" எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பையன் வேற என்ன கேட்டான்?"

ஊசி குத்துமா என்று கேட்டதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அத ஏன் கேட்டான்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுப்பது பெண் வீட்டார் செலவு. அதைத் தான் தைத்துத் தருவதாகவும், அது தன்னுடைய அன்பளிப்பு என்றும் சொன்னார். "அளவெடுக்க அவர அலைய விட வேண்டாம். டூட்டிக்குப் போடுத சட்டை பேண்டு ஒரு செட்டு அனுப்பச் சொல்லுங்க. தெனம் போடுததுதான் ஒடம்புக்குச் சரியா இருக்கும்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அளவுச் சட்டை கேட்பது எல்லாத் தையல்காரர்களும் செய்வதுதான். ஆனால் காக்கா வருஷக்கணக்காகக் காக்கியைத் தவிர வேறு எதையும் தைத்ததில்லை.

ஆடி மாத மழையில் ஒரு நாள் உபதேசியார் துணிப்பையில் அந்தச் செட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நல்ல காக்கி, சுத்தமாகத் துவைத்து மடித்திருந்தது. காக்கா அதைப் பல்புக்குக் கீழே பிரிக்கவே இல்லை. மழை விட்டு ஒரு சாண் வெயில் விழுந்ததும் வாசலுக்குக் கொண்டுபோனார். காலரைத் தூக்கி, வெளுக்காத உள்பக்கத்தைப் பார்த்தார். ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். தோள்பட்டையைத் தடவினார். பிறகு கூப்பிட்டார்.

"இங்க வா புள்ளே. இந்தக் காஜா யாரு எடுத்தது?"

நான் குனிந்து பார்த்தேன். துளையின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு தையல். என் கை. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அது தெரியும்.

"வாட்ச்மேன் கம்பெனி ஒண்ணுக்குத் தச்சோமே, அந்த லாட்டு" என்றார். "அந்தக் கம்பெனிக்கு நம்மளத் தவிர யாரும் தைக்கல. காண்ட்ராக்ட் வாட்ச்மேனு. கவர்மெண்டாம், கவர்மெண்டு மாதிரியாம்!"

வேறு யாருடைய தையலாக இருந்தாலும் வாதாடியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சட்டையை விரித்துக் காட்டினார். அப்பா உபதேசியாரை நம்பிய அதே வேகத்தில் காக்காவையும் நம்பினார். "வாட்ச்மேன் வேலையில என்ன கொறச்சல்? வாட்ச்மேன்னே சொல்லிருந்தா குடுத்திருப்பேன். பொய்யச் சொல்லிட்டானே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களில் ஒரு இடத்தை வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை. "தேவ சித்தம் இல்ல" என்று சொல்லியனுப்புவார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். கர்த்தர் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு வீட்டாரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

அம்மாதான் அன்று ராத்திரி சட்டி கழுவிக்கொண்டே என் காதுக்கு மட்டும் சொன்னாள். "ஒன்ன மாதிரி காஜா எடுக்க அவருக்கு வேற ஆளு கெடைக்குமாட்டி? நீ கெட்டிக்கிட்டுப் போயிட்டா அவரு ஏவாரம் என்ன ஆவும்? ஒன்ன விட மனசில்லாமக் கெளப்பி விடுதாரு."

அது ஒரு விஷ விதை. எனக்குள் விழுந்த அன்றே முளைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் எனக்குச் சாயா சொன்னாலும், மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போகச் சொன்னாலும், எதற்கு என்று யோசித்தேன். அவர் மற்றவர்களைப் பார்க்கும் கண்ணால் நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். காஜாவில் அந்தக் கூடுதல் தையலை விட்டுவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். ஒரு சட்டையை எடுத்து, துளையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கீழே வைத்துவிட்டார். ஊரிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. தூரத்து உறவுக்காரர் சம்மதம் சொல்லிவிட்டாராம், கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாமாம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் வாசல் இருட்டியது. நிமிர்ந்து பார்த்தால் பெண் பார்க்க வந்தவர் நிற்கிறார். உடம்பில் காக்கி. மார்பில் பித்தளை பேட்ஜ், தோளில் தோல் பை, கையில் டிக்கெட் பெட்டி. சிட்டி பஸ் கண்டக்டர். சந்தில் விழுந்த அந்தத் துளி வெயிலில்தான் நின்றார்.

"அந்த அளவுச் சட்டை பேண்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். என்னைப் பார்க்காமல் காக்காவைப் பார்த்துச் சொன்னார். "அது ரூம்ல உள்ள ஒரு அண்ணனுக்குள்ளது. கம்பெனியில உடுப்பு இல்லாம வராதன்னு திட்டுதான் அவர."

கார்கானாவில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது. காக்கா அவரைப் பாதத்திலிருந்து தலைவரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முணுமுணுப்பாகச் சொன்னார்: "இதுவும் இரவலா இருக்கும்."

எனக்கு அப்போது வந்த கோபம் ஆயுசில் அதற்குப் பிறகு வரவில்லை. மடியில் இருந்த துணியை உதறிவிட்டு எழுந்தேன். ஊசி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன வேல பாக்கிய?" என்று கேட்டேன். வேறு ஆண்கள் இருக்கிற இடத்தில், சத்தமாக.

அவர் திகைத்துப்போனார். "கண்டக்டரு. பெர்மனென்ட் ஆயிட்டு."

"பின்ன வாட்ச்மேன் சட்டைய ஏன் அனுப்பினிய?"

"எனக்கு ரெண்டு செட்டுதான். ஒண்ணு ஒடம்புல இருந்துச்சு, ஒண்ணு ஈரத்துல கெடந்துச்சு. மழ நாளு, காயல. டூட்டிச் சட்டைதான் வேணும்னு உபதேசியாரு அவசரப்படுத்துனாரு. ரூம்ல எல்லாருக்கும் காக்கிதான். கண்டக்டரு, வாட்ச்மேனு, டாக்ஸிக்காரரு, எல்லாம் ஒரே கயித்துல தொங்கும். அந்த அண்ணனும் நானும் ஒரே அளவு. அளவுக்குத்தானன்னு குடுத்து விட்டேன்."

"கண்டக்டருன்னு ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

அவரே மறுபடியும் பேசினார். இந்தத் தடவை என்னைப் பார்த்தார்.

"அதுக்குத்தானா வேண்டாம்னு சொன்னிய? நான் என் நெறத்துக்குன்னுல்லா நெனச்சேன். வீட்டுக்குள்ள வரும்போதே ஒங்கம்மா மொகம் ஒரு மாதிரி ஆச்சு. சரி, கறுப்பா இருக்கோம், பிடிக்கலன்னு இருந்துட்டேன்."

இத்தனை நாளும் அந்த மனுஷன் கண்ணாடியைப் பார்த்து அதை நினைத்திருப்பார் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்கானா முழுக்க ஆண்கள். நான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று அவர் சொன்னது கேட்டது. காக்கா சட்டையையும் பேண்டையும் பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அப்படி அவர் யாருக்கும் எதையும் நீட்டி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே காக்கா அப்பாவிடம் வந்தார். பாயில் உட்காரவில்லை. "சட்டை வாட்ச்மேன் சட்டைதான். அதுல எனக்குத் தப்பு வரல" என்று ஆரம்பித்தார். அதை விடமாட்டார். பிறகு, "ஆளு வேற. நல்ல பையன். நான் கெடுத்துட்டேன்" என்றார். அப்பா செருப்புக்கூடப் போடாமல் உபதேசியார் வீட்டுக்கு ஓடினார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன வீட்டில் மறுபடி காலெடுத்து வைக்கமாட்டேன் என்று ஊரிலிருந்த அவருடைய அம்மா அடம் பிடித்தார். இவர்தான் அந்தப் பெண் என்னிடம் நேரே கேட்டாள், அது போதும் என்று எழுதிப்போட்டாராம். கார்த்திகையில் நடந்தது எங்கள் கல்யாணம்தான். கோட்டு சூட்டை மாட்டுங்காவில் வேறு ஒரு தையல்காரர் தைத்தார். காக்காவிடம் கொடுக்க மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கோவிலுக்கு வந்தார். கடைசி பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்து, எல்லோரும் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் கோட்டுக் கையை விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "சரக்கு சுமார்" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

நான் வேலையை விட்டுவிட்டேன். எனக்குப் பிறகு காஜாவுக்கு அவருக்குச் சரியான ஆள் அமையவில்லை என்றும், கடைசியில் அந்த மெஷினையே வாங்கிவிட்டார் என்றும் அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில், நான் அன்றைக்கே சொன்னேன் பார் என்ற தொனி இருந்தது. அவள் விதைத்தது எனக்குள் காயவில்லை. புருஷனோடு சந்தோஷமாக இருந்த நாட்களிலும் திடீரென்று அது தலைதூக்கும். அந்த மனுஷன் எனக்காகப் பார்த்தாரா, தனக்காகப் பார்த்தாரா? எனக்காக என்றால், பெற்ற அப்பாகூடக் கேட்காத கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். தனக்காக என்றால், என்னைப் பொத்தான் துளைக்காக ஆயுசு முழுக்க அங்கேயே கட்டிப்போடப் பார்த்தவர். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்கு அவரை மன்னிக்கவும் முடியவில்லை, அவருக்கு நன்றி சொல்லவும் முடியவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயம். மகனுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தோம். சொல்லிவிட்டு வருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார்கானாவுக்குப் போனேன். சொல்லப் போனது ஒரு சாக்கு, கேட்கத்தான் போனேன். அவர் நரைத்திருந்தார். பிள்ளையின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். நான் உட்காரவில்லை.

"காக்கா, ஒண்ணு கேக்கேன். அன்னிக்கு நீங்க அந்தச் சட்டையக் கேட்டு வாங்குனது எனக்காகவா? இல்ல, நான் போயிட்டா காஜாவுக்கு ஆளு இல்லைன்னா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அல்லாவின் பேரில் சத்தியம் பண்ணுவார் என்று நினைத்தேன். அவர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு புள்ளே" என்றார். "வாங்கும்போது ஒனக்காகன்னுதான் வாங்குனேன். ஆனா வெயில்ல விரிச்சு ஒன் காஜாவப் பாத்ததும் எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. ஒரு புள்ள வாழ்க்க கெடப்போவுது, எனக்கு ஏன் சந்தோஷம் வரணும்? அத நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். இன்னிக்கி வர பிடிபடல."

"ஒனக்காகத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு நம்பியிருப்பேன். அதைத்தான் வாங்கிக்கொண்டு போக வந்திருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"இருந்தாலும் எனக்காகவும் கொஞ்சம் பாத்திருப்பிய காக்கா" என்றேன்.

"நீயா அப்படிச் சொல்லிக்கிடாத" என்றார். "சந்தேகமாவே வச்சுக்கோ."

பிள்ளையை வாங்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார். நான் அந்தச் சந்தேகத்தை இன்றுவரை அப்படியேதான் வைத்திருக்கிறேன்.